கடலுக்கடியில் பாட்டா, கடுகு பொரியும் சத்தமா? முதன்முறை ஸ்கூபா போகிறவர்களுக்கு

அந்தமானின் ஸ்வராஜ் த்வீப் தீவில் (பழைய பெயர் ஹேவ்லாக்) ஒன்பது மீட்டர் ஆழத்தில் என் பதினோராயிரம் ரூபாய் எம்பி3 ப்ளேயர் உயிரை விட்டது. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால், எங்களைக் கூட்டிப்போன டைவ் மாஸ்டர் தன் டேங்கைக் கம்பியால் தட்டி, எல்லாரும் திரும்புங்கள் என்று காட்டியிருக்கிறார். எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரு குத்துப்பாட்டு. டங் டங் என்று கேட்டதை அதில் வந்த இன்னொரு தாளம் என்று எடுத்துக்கொண்டு, நான் பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தேன். டைவ் மாஸ்டரே வந்து என் காலில் மாட்டியிருந்த ஃபின்னைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த நாலு பேரில் ஒருவரையும் காணோம்.

ப்ளேயர் நின்றதும் இன்னொரு பயம் பிடித்தது. காதைச் சுற்றிலும் சடசடவென்று ஒரு சத்தம். செவிப்பறை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். படகுக்கு வந்ததும் டைவ் மாஸ்டர் கேட்டார்: "அண்ணா, உங்களுக்குக் காது கேக்காதா, இல்ல கேக்கவே வேணாம்னு வந்தீங்களா?" ராமநாதபுரத்திலிருந்து தாத்தா காலத்தில் அந்தமானுக்குக் குடிபோன குடும்பம்; தமிழ் சுத்தமாகப் பேசுவார். அந்தச் சடசடப்பைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அது இறால்ணா. எப்பவும் கேக்கும். நீங்கதான் பாட்ட போட்டு மூடி வச்சிருந்தீங்க."

டைவ் செய்யும்போது பாட்டு கேட்கலாமா என்று தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் விளம்பரம்தான். நான் பட்டதை வைத்து இதை எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இருபது டைவ்களுக்குப் பாட்டு வேண்டாம். இருபது என்பது என் கணக்கு, எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் 9-வது படியைப் பாருங்கள். செலவுத் தொகைகள் நான் கொடுத்தவை, விசாரித்தவை. சீசனுக்குச் சீசன் மாறும், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் காது டாக்டர்

எந்த டைவ் சென்டருக்குப் போனாலும் முதலில் நீட்டுவது ஒரு மருத்துவப் படிவம். முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, சர்க்கரை, கடந்த ஓராண்டில் அறுவை சிகிச்சை, தினமும் எடுக்கும் மாத்திரை எல்லாம் வரும். காது, சைனஸ் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. சிலவற்றுக்கு "ஆம்" போட்டால், டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள்.

பொறி இங்கேதான். இந்தப் படிவத்தைத் தீவுக்குப் போய்த்தான் பலர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அங்கே ஈஎன்டி டாக்டரைத் தேடி அலைந்தால் ஒரு நாள் போச்சு. சின்ன வயதில் காதில் சீழ் வந்த எனக்கு அப்படித்தான் ஆனது. ஃபெர்ரி பிடித்துத் திரும்பிப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். போக வர ஃபெர்ரிக் கட்டணம், ஒரு நாள் ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸ் என்று ஐயாயிரத்துக்கு மேல் தண்டம். நீங்கள் செய்யவேண்டியது: சென்டரிடம் படிவத்தை மெயிலில் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் உங்கள் ஊர் ஈஎன்டி டாக்டரிடம் காட்டிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். எழுநூறு எண்ணூறு ரூபாயில் முடிகிற வேலை.

காதில் அழுக்கு கட்டியிருந்தால் அப்போதே எடுத்துவிடுவது நல்லது. பயணத்துக்கு முந்தின நாள் பட்ஸ் போட்டு நீங்களே குடையாதீர்கள்.

மற்ற காகிதங்கள்: ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை (விமானத்துக்கும் ஃபெர்ரிக்கும் வேண்டும்), பொறுப்பு விலக்குப் படிவம் (அங்கேயே தருவார்கள்), ஒரு பாஸ்போர்ட் அளவு படம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. அவ்வளவுதான்.

2. ப்ளேயர் வாங்குமுன் பெட்டியைப் படியுங்கள்

கடைக்காரர் என்னிடம் சொன்னது: "வாட்டர்ப்ரூஃப் சார், எங்க வேணா போட்டுக்கலாம்." பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது: 2 மீட்டர், 2 மணி நேரம். நான் அதைப் படித்தது ப்ளேயர் செத்த பிறகு.

தண்ணீர் தாங்கும் தரக்குறியாக ஐபிஎக்ஸ்8 என்று எழுதியிருந்தால் பலரும் எந்த ஆழத்துக்கும் தாங்கும் என்று நினைக்கிறார்கள். அந்த 8-க்கு அர்த்தம், ஒரு மீட்டருக்கு மேல், தயாரிப்பாளர் சொல்கிற ஆழம் வரை சோதித்திருக்கிறார்கள் என்பது மட்டுமே. நீச்சல்காரர்களுக்காக விற்கிற பெரும்பாலான ப்ளேயர்களுக்கு அந்த ஆழம் 2 அல்லது 3 மீட்டர்தான். ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலைச் சான்றிதழ் கோர்ஸ் முடித்தவர் இறங்கக்கூடியது 18 மீட்டர். கடல்மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்றைப் போல அங்கே 2.8 மடங்கு அழுத்தம். நீச்சல்குளத்துக்குச் செய்த ரப்பர் மூடி அதற்கு என்ன செய்யும்?

இன்னும் இரண்டு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒன்று, ப்ளூடூத். அந்த ரேடியோ அலையைத் தண்ணீர் சில சென்டிமீட்டருக்குள் குடித்துவிடும். போனைப் பையில் கட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்தாலும் ஹெட்செட்டுக்குப் பாட்டு வந்து சேராது. ஹெட்செட்டுக்குள்ளேயே மெமரி இருக்கவேண்டும். இரண்டு, மாதச் சந்தா கட்டுகிற பாட்டு ஆப்புகள். அதில் டவுன்லோட் செய்த பாட்டு அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும்; ப்ளேயருக்கு இழுத்துப் போட முடியாது. சொந்தமாக எம்பி3 கோப்பு வேண்டும். இதைக் கிளம்புகிற இரவு கண்டுபிடித்து, தம்பி கல்லூரிக் காலத்து ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்ததில்தான் அந்தக் குத்துப்பாட்டே வந்தது.

3. காதுக்குள் எதையும் அடைக்காதீர்கள்

இது ஆலோசனை மட்டுமில்லை, கட்டாயம். இயர்பட், ரப்பர் அடைப்பான், பஞ்சு, எண்ணெய் தோய்த்த பஞ்சு எதுவும் கூடாது. (எண்ணெய் தோய்த்த பஞ்சு எங்கள் அம்மாவின் யோசனை. "கடல் தண்ணி காதுக்குள்ள போயிடும்டா.")

தண்ணீர் காதுக்குள் போகத்தான் வேண்டும். கீழே இறங்க இறங்கச் செவிப்பறையின் வெளிப்பக்கம் தண்ணீர் அழுத்தும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி உள்பக்கத்துக்கு நாம் காற்று அனுப்புவோம். இதைத்தான் ஈக்வலைஸ் செய்வது என்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமானால் வலி இல்லை. காதை அடைத்துவிட்டால் அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். அதைச் சமப்படுத்த வழியே கிடையாது. பத்து மீட்டரில் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். செவிப்பறையை வெளிப்பக்கமாக உறிஞ்சும். ரத்தம் கட்டலாம், கிழியலாம். அடைப்பானே உள்ளே இழுபட்டுச் சிக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

அதனால் பாட்டு என்று வந்தால் கன்னத்து எலும்பில் ஒட்டிக்கொண்டு எலும்பு வழியாகவே சத்தத்தைக் கடத்துகிற போன் கண்டக்‌ஷன் வகை மட்டுமே. காதுத் துளை திறந்தே இருக்கும். தண்ணீருக்கடியில் நாம் கேட்பதில் பெரும்பங்கு மண்டை ஓட்டு எலும்பு வழியாகத்தான் வருகிறது. இந்த வகைக் கருவி அங்கே நன்றாகவே கேட்கும், ஆழம் தாங்கினால்.

சளி பிடித்திருந்தால் டைவ் வேண்டாம். மாத்திரை போட்டுச் சமாளித்தால், மருந்து வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்துவிடும். உள்ளே மாட்டின காற்று வெளியேற வழியில்லாமல் ஏறும்போது வலிக்கும். இறங்கும்போது வலித்தால் கொஞ்சம் மேலே போய்க்கொள்ளலாம். ஏறும்போது வலித்தால் என்ன செய்வீர்கள்?

4. ஊரிலேயே ஒத்திகை: இரண்டு கல் போதும்

ஈரோட்டுப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். முங்கிக்கொண்டு கீழே இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு கூழாங்கல்லைத் தண்ணீருக்குள் தட்டி விளையாடியிருக்கிறோம். டைவுக்குப் போகுமுன் அதே விளையாட்டை ஒருமுறை ஆடுங்கள். கிணறு இல்லாவிட்டால் நீச்சல்குளம். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஏதாவது ஒரு பக்கம் போய்க் கல்லைத் தட்டட்டும். எந்தப் பக்கம் என்று கையைக் காட்டுங்கள். அநேகமாகத் தவறாகத்தான் காட்டுவீர்கள். காற்றில் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சுமாரில் போகும். இடது காதுக்கும் வலது காதுக்கும் வந்துசேர்வதில் உள்ள நூலிழை வித்தியாசத்தை வைத்து மூளை திசை சொல்கிறது. கடலில் அதே சத்தம் நொடிக்கு 1,500 மீட்டர் சுமாரில் வருகிறது. அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட, போதாக்குறைக்கு எலும்பு வழியாகவும் வர, எல்லாச் சத்தமும் தலைக்கு நடுவில் கேட்பது போலவே இருக்கும்.

இதை உடம்புக்குப் பழக்கிக்கொண்டு போனால், கடலில் டங் டங் என்று கேட்டதும் ஒரு திசையை நம்பிப் போகமாட்டீர்கள். சுற்றிலும் பார்ப்பீர்கள். மேலே பார்க்க மறக்காதீர்கள். புதியவர்கள் எல்லாரும் மறப்பது மேலேதான்.

குளத்துக்குப் போகிற சாக்கில் நீச்சலையும் தேற்றிக்கொள்ளுங்கள். கோர்ஸில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொல்வார்கள் (மாஸ்க், ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய், ஃபின் போட்டால் 300). நேரக் கெடு கிடையாது. அப்புறம் பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவேண்டும்.

5. பணமும் நாட்களும்

ஒரே ஒரு முறை கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற அறிமுக டைவ், இடத்தைப் பொறுத்து நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை. 12 மீட்டருக்குள். இதில் பாட்டுக் கேள்வியே எழாது. கேட்டால் திட்டு விழும். ஓப்பன் வாட்டர் கோர்ஸ் இருபத்தைந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை கேட்கிறார்கள். மூன்று அல்லது நான்கு நாள், கடலில் நான்கு டைவ். சான்றிதழ் கட்டணம், கருவி வாடகை, ஜிஎஸ்டி மூன்றும் சேர்த்தா தனியா என்று முன்பணம் அனுப்புமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வாய்மொழியில் "எல்லாம் சேர்த்து" என்றார்கள்; பில்லில் ஜிஎஸ்டி தனியாக முளைத்தது.

பாடப்பகுதி ஆன்லைனில். எட்டு பத்து மணி நேரம் பிடிக்கும். ஊரிலேயே முடித்துவிடுங்கள். தீவில் நெட் வரும், போகும்.

கோர்ஸ் முடித்தவருக்கு ஒரு கூடுதல் டைவ் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். என் ப்ளேயர் விலையில் மூன்று டைவ். இதைப் பிறகுதான் வகுத்துப் பார்த்தேன்.

6. சென்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்

பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: "ஹெட்செட் போட்டுக்கொண்டு வரலாமா?" கோர்ஸ் டைவில் கூடாது என்று உடனே சொல்கிற சென்டர் நல்ல சென்டர். "அதனால என்ன சார், போட்டுக்கங்க" என்றால் எனக்குச் சந்தேகம் வரும். நான் கோர்ஸ் முடித்த இடத்தில் வேண்டாம் என்றார்கள். அதன்பின் வேறொரு இடத்தில் ஜாலி டைவுக்குப் போனபோது யாரும் தலையைக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் அந்தக் கதை நடந்தது.

கேட்கவேண்டிய மற்றவை: ஒரு டைவ் மாஸ்டருக்கு எத்தனை பேர்? தண்ணீருக்கடியில் கூப்பிட எதைத் தட்டுவீர்கள், எத்தனை தட்டு என்றால் என்ன? என் கூட்டாளி யார்? (பட்டி என்று சொல்வார்கள். ஆட்டுப்பட்டி நினைவு வந்தால் என்னைத் திட்டாதீர்கள்.) உங்கள் கூட்டாளி தெரியாதவராக இருந்தால் படகிலேயே பேசிப் பழகுங்கள்.

7. முதல் டைவ்களில் காதில் விழவேண்டிய சத்தங்கள்

கீழே பேச்சு கிடையாது. கண்ணுக்கு எட்டுவது மாஸ்க் காட்டுகிற அளவுதான். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்கிறது.

உங்கள் மூச்சு. உங்கள் நிலையைக் காட்டுகிற முதல் அளவுமானி இதுதான். இழுக்கும்போது வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டரில் உஸ்ஸ், விடும்போது குமிழிகள் கடகட. இந்த உஸ்ஸும் கடகடவும் வேகமாகிறது என்றால் பதற்றம் வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியுமுன்னே மூச்சுக்குத் தெரிந்துவிடும். நின்று, ஒரு பாறையைப் பார்த்து, நீளமாக மூச்சை விடுங்கள். பாட்டு ஓடினால் இந்தச் சத்தம் அடியில் போய்விடும்.

டேங்க் தட்டு. இதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தட்டுவதற்குப் பதில் கிலுகிலுப்பை ஆட்டினாலும் அதே கூப்பாடுதான்.

நிற்காத உஸ்ஸ். நீங்கள் மூச்சு இழுக்காதபோதும் காற்று போகிற சத்தம் கேட்டால் எங்கோ கசிகிறது. மிதப்பதற்காகப் போட்டிருக்கும் காற்றுச் சட்டைக்குக் காற்று ஏற்றும் பித்தான் சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கவனிக்காவிட்டால் சட்டை உப்பி, பலூன் மாதிரி உங்களை மேலே தூக்கிப் போய்விடும். குழாயைக் கழற்றுவது எப்படி என்று கோர்ஸில் சொல்லித்தருவார்கள். காதில் விழுந்தால்தானே கழற்றுவீர்கள்?

ஆழமும் நேரமும் காட்டக் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரின் பீப். வேகமாக ஏறினால் கத்தும். பழகியவர்களும் தன்னுடையதா அடுத்தவருடையதா என்று குழம்புவார்கள், திசை தெரியாத காரணத்தால். கேட்டால் உங்கள் கையைப் பாருங்கள்.

படகு எஞ்சின். ஏறும்போது மிக முக்கியம். கேட்டால் அப்படியே நின்று மேலே பார்த்து, சத்தம் தேயும் வரை காத்திருங்கள். ஸ்வராஜ் த்வீப் ஜெட்டிக்கு அருகிலுள்ள "தி வால்" போன்ற இடங்களில் ஃபெர்ரிச் சத்தம் தொலைவிலிருந்தே வரும். பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி கேட்கும், வந்திருக்காது. கூட்டிப்போகிறவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. கடலைக் கேட்க

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

அந்தச் சடசட, சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போலவே இருக்கும். தாளிப்புக்கு முடிவே கிடையாது. ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு வகை இறால் தன் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும். அந்த வேகத்தில் தண்ணீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகி உடனே உடைகிறது. நமக்குக் கேட்பது கொடுக்கு மோதுகிற சத்தமில்லை, அந்தக் குமிழி உடைகிற சத்தம். ஒரு பாறைத் திட்டில் இப்படி ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் கேட்கவேண்டுமா. வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல்களில் பாறையோ பவளமோ இருக்கிற இடமெல்லாம் இது உண்டு; அந்தமானுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. முதன்முறை கேட்பவர்கள் பயந்து கை காட்டுவது இரண்டு இடம்: காது, டேங்க். இரண்டிலும் ஒன்றும் இருக்காது.

அடுத்து, முறுக்கு கடிக்கிற சத்தம். கிளி அலகு போல வாயுள்ள பேரட்ஃபிஷ் பவளப்பாறையைச் சுரண்டித் தின்பது. சத்தம் கேட்ட பிறகு தேடினால், பாறையில் வெள்ளையாகப் புதுக் கீறல் தெரியும். கொஞ்சம் காத்திருந்தால் அது பின்னால் மணலைத் தூவிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். கடல்சாமந்திக்குள் குடியிருக்கும் க்ளௌன்ஃபிஷ்ஷும் பல்லை அடித்து டக்டக் என்று மிரட்டும். ஸ்வராஜ் த்வீப்பின் நீமோ ரீஃப் பவளத்திட்டில் எனக்கு ஒரே ஒருமுறை கேட்டது, நான் ரொம்பக் கிட்டப் போய்விட்ட அன்று. தள்ளிப் போ என்று அர்த்தம், தள்ளிப் போனேன்.

எப்படிக் கேட்பது? ஐந்திலிருந்து எட்டு மீட்டர் ஆழம், பாறையும் மணலும் சேர்கிற ஓரம். எதையும் தொடாமல் மிதந்து நிற்கப் பழகியிருக்கவேண்டும். கூட்டாளியிடம் காதைக் காட்டி "நிற்போம்" என்று சைகை (படகிலேயே ஒத்துக்கொண்டால்தான் கீழே புரியும், காதைக் காட்டினால் காது வலி என்று எடுத்துக்கொள்வார்கள்). கூட்டத்தின் குமிழிகள் கொஞ்சம் விலகட்டும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இழுப்பு முடிந்து விடுவதற்கும், விட்டு இழுப்பதற்கும் நடுவில் இயல்பாகவே ஒரு சின்ன இடைவெளி வரும். கடல் அந்த இடைவெளியில் கேட்கும்.

அந்த இடைவெளியை நீட்டாதீர்கள். இதற்காகவே தனிப் பத்தி. நன்றாகக் கேட்கிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆசை வரும். நுரையீரல் நிறைய காற்றோடு தொண்டையை மூடிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியலாம். மூச்சைப் பிடித்தால் உடம்பு தானாகவே மேலே மிதக்கவும் ஆரம்பிக்கும். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். இறாலுக்காக அதை மீறாதீர்கள்.

மூச்சுச் சத்தமே தொந்தரவு என்றால் டேங்கைக் கழற்றிவைத்துவிட்டு ஸ்நார்க்கல் போடுங்கள். முகத்தைக் கவிழ்த்து, காது தண்ணீருக்குள் இருக்க, சும்மா மிதந்தால் போதும். வாடகை சில நூறு ரூபாய். உண்மையைச் சொன்னால், நான் கடலை மிக நன்றாகக் கேட்டது இந்த மலிவு முறையில்தான். அதே தீவின் எலிஃபண்ட் பீச்சுக்குப் போவதானால் காலை முதல் படகில் போங்கள். அப்புறம் ஜெட்ஸ்கீக்களின் ராஜ்யம். தனியாகப் போகாதீர்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது சுற்றுலாப் பயணிக்காகத்தான் வைத்திருக்கிறது.

நேரம்: இறால்கள் விடியலிலும் அந்தி சாயும்போதும் கூடுதலாகப் பொரியும். அந்தமான் கிழக்கே தள்ளி இருப்பதால் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். பெரும்பாலான சென்டர்கள் காலையிலேயே இரண்டு டைவையும் முடித்துவிடுவார்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு டைவ் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

பதிவு செய்து வீட்டில் கேட்க ஆசைப்பட்டால், ஆக்‌ஷன் கேமராவை நம்பாதீர்கள். தண்ணீர் புகாத கூட்டுக்குள் போட்டால் மூச்சுச் சத்தமும் பித்தான் சத்தமும்தான் மிஞ்சும். ஹைட்ரோஃபோன் என்ற தண்ணீர் மைக் இறக்குமதி வரியோடு பதினைந்து இருபதாயிரம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக்குக் கிடைக்கிற, அதிர்வை மின்சாரமாக்கும் பீஸோ டிஸ்க் ஒன்றை, கவசம் உள்ள வயரில் பற்றவைத்து, அரால்டைட் பசையில் முழுக்கத் தோய்த்துக் காயவிட்டு, சின்ன ரெக்கார்டரின் மைக் துளையில் செருகினால் கடுகுச் சத்தத்துக்கு அது போதும். என்னுடையதில் கரகரப்பு இருக்கிறது, பரவாயில்லை. எஞ்சினை நிறுத்திய படகிலிருந்து ஐந்து மீட்டர் வயரில் இறக்கினேன். படகுக்காரர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டுத் திருப்பித் தர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

9. அப்படியும் பாட்டு வேண்டும் என்றால்

இருபது டைவ் தாண்டிவிட்டீர்கள், கை கால் தானாக வேலை செய்கிறது. அப்போது:

கருவி, நீங்கள் இறங்குகிற ஆழத்தைவிட இரண்டு மடங்காவது தாங்குவதாக எழுத்தில் இருக்கவேண்டும். டைவுக்கென்றே செய்த ப்ளேயர்களும் கூடுகளும் குறைவு, விலை கூடுதல். முகம் முழுக்க மூடும் மாஸ்க்கில் பேச்சுக் கருவி பொருத்துகிற முறையும் உண்டு. லட்சத்தைத் தாண்டும், தனிப் பயிற்சியும் வேண்டும். பாட்டுக்காக அதை வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

மாஸ்க் பட்டையும் ஹெட்செட்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். குளத்தில் சோதித்துப் பாருங்கள்: ஹெட்செட்டைப் பிடுங்கினால் மாஸ்க் கூடவே வருகிறதா? வந்தால் அந்த ஜோடி ஒத்துவராது.

எப்போது? அமைதியான தண்ணீரில், தெரிந்த இடத்தில், மேலே ஏறுமுன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிறோமே, அந்தக் காத்திருப்பில். அதுவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. நீரோட்டம் உள்ள இடத்திலும், படகுகள் ஓடும் இடத்திலும், புதியவர் கூட்டாளியாக வரும்போதும் வேண்டாம். உங்கள் மூச்சு பாட்டுக்கு மேலே கேட்கிற அளவே சத்தம். தடவிப் பார்த்தே நிறுத்தக்கூடிய பித்தான் இருக்கவேண்டும். தாளவாத்தியம் தூக்கலான பாட்டு வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் புல்லாங்குழல் ஒத்துவந்தது, அதுவும் குளத்தில்.

ஸ்பீக்கரைக் கட்டி இறக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மற்ற டைவர்களுக்கும் மீன்களுக்கும் அது தலைவலி. எல்லாரும் சேர்ந்து கேட்கத்தான் ஆசை என்றால் அமெரிக்காவில் ஃபுளோரிடா கீஸில், லூ கீ பவளப்பாறையில் ஆண்டுதோறும் ஜூலையில் ஒரு நீரடி இசைவிழா நடக்கிறது. உள்ளூர் வானொலியின் பாட்டைப் படகுகளுக்கு அடியில் தொங்கவிட்ட ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிடுகிறார்கள். நடுநடுவே பவளப்பாறையைக் காக்கும் அறிவிப்புகள். விசாச் செலவோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

10. திரும்பும் நாள்

ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் ஒன்றுக்கு மேலோ பல நாள் தொடர்ந்தோ செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுகிறேன். ஃபெர்ரிக்கு இந்தக் கணக்கு இல்லை. கடைசி நாள் காலை டைவ், மாலை விமானம் என்று திட்டம் போட்டு டிக்கெட் மாற்றியவர்களைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன்.

கருவி எதுவாக இருந்தாலும் டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். சார்ஜ் முனைகள் நன்றாகக் காயுமுன் சார்ஜ் போட்டால் உப்பு அரித்துவிடும். லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில். செக்-இன் பெட்டியில் வைத்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ப்ளேயரை மாற்றித் தருவார்களா என்று கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். பெட்டியைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைக் காட்டினார்.